ஆர்விட் வாங்கிய குண்டு பிடுங்கி

அடுத்தவன் கையால் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பது மான்டானாவில் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே காதில் விழுகிற பேச்சு. அண்ணன் நிரப்பியதைத் தம்பி தொடமாட்டான். அவரவர் கை, அவரவர் முகம். டுவேன் கெஸ்லர் மட்டும் அந்தப் பேச்சை மீறி, ஆர்விட் டோலெஃப்சன் நிரப்பியதைச் சுட்டுவந்தார். தானியம் ஏற்றும் எந்திரம் டுவேனின் வலது கையில் இரண்டு விரல்களைத் தின்ற ஆண்டிலிருந்து அப்படித்தான். மீதி விரல்கள் துப்பாக்கி பிடிக்கப் போதும். வெடிமருந்தை அளந்து தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கொட்டப் போதாது. ஆர்விட் இருவருக்குமாக நிரப்புவார். அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டைக்கு இருவருமாக மலையேறுவார்கள்.

அந்த வருஷம் தோட்டா வாங்கிப்போக வந்த டுவேன், கார் கொட்டகையில் ஆர்விட்டின் வேலை மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"யோவ், என்னய்யா ரெண்டு டப்பா இருக்கு?"

மேஜைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அலமாரியில், பூட்டுக்குள். ஆர்விட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. இப்போது இரண்டு டப்பாக்கள் மூடி திறந்து அருகருகே இருந்தன. பச்சை மூடி டப்பாவில் இருந்தது மெல்ல எரிகிற மருந்து, அவர்களுடைய பெரிய துப்பாக்கிகளுக்கானது. மற்றது சிறு தோட்டாக்களுக்கானது, சட்டென்று எரிவது. அதைப் பெரிய தோட்டாவுக்குரிய அளவில் போட்டுச் சுட்டால் இரும்பு பிளந்து சுட்டவன் முகத்தில் வந்து இறங்கும்.

"எதுலேர்ந்து எடுத்த?"

"பச்சை மூடிலேர்ந்து."

"நிச்சயமா?"

ஆர்விட்டுக்கு நிரப்பியது ஞாபகம் இருந்தது. கொட்டகையின் குளிர் ஞாபகம் இருந்தது. டப்பாவைத் திறந்தது மட்டும் ஞாபகம் இல்லை.

நிரப்பி மூடிய தோட்டா எதையும் காட்டிக்கொடுக்காது. வெளியே ஒரே பளபளப்பு, தராசில் ஒரே எடை. முனையில் செருகியிருக்கும் குண்டைப் பிடுங்கி உள்ளே பார்த்தால்தான் உண்டு.

"எல்லாத்தையும் பிடுங்கிப் பாத்துடறேன்," என்றார் ஆர்விட். "பாத்துட்டா உனக்கும் நிம்மதி."

"எனக்கு என்னய்யா, நீ சொன்னா சரிதான்," என்றார் டுவேன். ஆனால் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொள்ளாமலே போனார்.

மறுநாள் ஆர்விட் லோர்னாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். குண்டு பிடுங்கி வாங்க வருகிறவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு வருகிறான் என்று ஊருக்கே தெரியும். அதனால் பெரும்பாலானவர்கள் யாரோ சிநேகிதனுக்கு என்று சொல்லித்தான் வாங்குவார்கள்.

"சிநேகிதருக்கா?" என்றாள் லோர்னா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எனக்குத்தான்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சுத்தியல் போன்ற ஒன்றை எடுத்து வைத்தாள். "இது போதுமே. தோட்டாவை இதோட தலைக்குள்ள சொருகி, மரக்கட்டையில நாலு போடு போட்டா குண்டு தானா கழண்டுரும். விலையும் கம்மி."

"தோள்பட்டையில ஆபரேஷன் பண்ணியிருக்கேன் லோர்னா. ஓங்க முடியாது."

"ரெண்டு மூணு தோட்டாதான்னா டுவேன் அண்ணன் அடிச்சுத் தருவாரே?"

"எல்லாத்தையும் பிடுங்கணும். அதோட இதுல குண்டும் மருந்தும் ஒண்ணா கொட்டும். முந்தின தோட்டா மருந்துல நாலு துணுக்கு உள்ளேயே ஒட்டிக்கும். எதுல என்ன இருந்துச்சுன்னு அப்புறம் எப்படிச் சொல்றது?"

லோர்னா உள்ளேயிருந்து கவ்வி வகையைக் கொண்டுவந்தாள். அதை, தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் திருகி மாட்ட வேண்டும். கவ்வி மேலே குண்டின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்; நெம்புகோலை இயக்கினால் கூடு மருந்தோடு நிமிர்ந்தபடியே கீழே இறங்கிவிடும். துப்பாக்கியின் அளவுக்கு ஏற்ற கவ்வியைத் தனியாக வாங்க வேண்டும். சரியான அளவுதானா என்று ஆர்விட் பொட்டலத்தை மூன்று தடவை படித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை டுவேன் வந்து கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். ஆர்விட் ஒவ்வொரு தோட்டாவாகக் கவ்விக்குக் கொடுத்து, கூட்டில் இருந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினார். பெரிய துப்பாக்கி மருந்து குச்சி குச்சியாக, பென்சில் முனை உடைந்ததுபோல இருக்கும். மற்றது கசகசா மாதிரி.

"குச்சி," என்றார் டுவேன். "அடுத்தது."

"குச்சி."

"கசகசா வந்தா சொல்லு, பன்னுக்குத் தூவலாம்."

ஆர்விட் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் பெட்டி காலியாயிற்று. எல்லாம் குச்சி. ஒன்றுகூட மாறவில்லை.

"பாத்தியா?" டுவேன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ரெண்டு கிழவனும் சும்மா கிடந்து நடுங்கியிருக்கோம். நிரப்பு. நான் சுடறேன்."

தனக்குள் ஏதாவது லேசாகும் என்று ஆர்விட் காத்திருந்தார். ஆகவில்லை. கசகசா வந்திருந்தாலும் அவருக்கு இதே அளவுதான் ஞாபகம் இருந்திருக்கும். சரியான டப்பாவிலிருந்து எடுத்தது அவர் கவனமா, அதிர்ஷ்டமா? எந்தக் கவ்வியும் அதைப் பிடுங்கிக் காட்டாது. நல்ல தோட்டாக்கள் என்று நிரூபித்தாயிற்று. நிரூபித்ததில் தோட்டாக்கள் இல்லாமல் போய்விட்டன. இனி மறுபடி நிரப்ப வேண்டும், இதே தலையோடு.

சிறு தோட்டா மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பச்சை மூடி டப்பாவைப் படித்து, அளக்கும் குப்பியில் மருந்தைக் கொட்டினார். திரும்பி டப்பாவைப் படித்தார். முதல் கூட்டை எடுத்தார். கீழே வைத்துவிட்டு டப்பாவை மறுபடி படித்தார். அலமாரியைத் திறந்து, அந்த இன்னொன்று அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்தபோது கூட்டில் மருந்து போட்டாயிற்றா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

டுவேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டுவேன், நீ கடைத் தோட்டா வாங்கிக்க."

"ம்."

"நேரமிருக்கு. இன்னைக்கே போனா கிடைக்கும்."

"வண்டியில இருக்கு," என்றார் டுவேன். "வியாழக்கிழமையே வாங்கிட்டேன்."

ஆர்விட் கூட்டை விரல்களுக்கிடையில் உருட்டினார். "எனக்கும் சேத்தா?"

"உனக்கும் சேத்துத்தான்."

ஆர்விட் தலையாட்டினார். குப்பியைக் கழற்றி, மருந்தைச் சிந்தாமல் டப்பாவுக்குள் திருப்பிக் கொட்டினார். மூடுவதற்கு முன் டப்பாவை டுவேனிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, நீ ஒரு தடவை படி."

டுவேன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாகப் படித்தார்.