புயல் போட்ட திட்டம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் புயல் என்று பெயர். காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அடுத்த மெஷினில் உட்கார்ந்து தைக்கும் நாத்தனாருக்கு மட்டும் அவளைக் கண்டாலே ஆகாது. ஒரே வீடு, ஒரே பஸ், மெஷின் வரிசையிலும் ஒரே லைன். பேசிக்கொள்வார்கள், எல்லாம் குத்தல் பேச்சு.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் பூட்டுத் தொங்கியது. இந்த மாதம் தாண்டினால் போதும் என்று மற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, இவள் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட்டாள். இரண்டாவது லைனில் சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. முதலில் அது, பிறகு சொந்தமாக நாலு மெஷின். கெட்ட காலத்தில் ஆசைப்படுவதில் தப்பில்லை. யார் தலைமேல் ஏறி நின்று எட்டிப் பிடிக்கிறோம் என்று பார்க்கவேண்டாமா?

புது டிசைன் வந்தால் ஸ்டாப்வாட்ச்காரர் வருவார். சட்டையில் காலர்தான் நேரம் பிடிக்கிற வேலை. அதற்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து, நாளைக்கு இத்தனை சட்டை என்று எல்லோருக்கும் டார்கெட் வைப்பார். அதனால் அவர் தலை தெரிந்ததும் மெஷின்களுக்கெல்லாம் சோம்பல் வந்துவிடும். நூல் அறுபடும், ஊசி உடையும், திடீரென்று தாகமெடுக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை.

அன்று அவர் புயலின் பின்னால் வந்து நின்றார். மேனேஜரும் கூடவே நின்றார்.

“மெதுவா தைங்க அண்ணி. எல்லார் வயித்துலயும் அடிச்சிராதீங்க,” என்று நாத்தனார் தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

“உன்னை மாதிரி இங்கயே உக்காந்து தேய எனக்கு என்ன தலையெழுத்தா?”

தைத்தாள். வீம்புக்கும் சேர்த்துத் தைத்தாள். ஸ்டாப்வாட்ச்காரர் கடிகாரம் ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்தார்.

டார்கெட் எகிறியது. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஒருத்தியும் உட்காரவில்லை. வாய்க்கு வந்தபடி கரித்துக்கொட்டினார்கள். பொறாமை, வேறென்ன என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

வாரக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். தலையைச் சீவிக்கொண்டு போனாள்.

“உன் வேகத்துக்கு எல்லாரும் தைச்சா, இருக்கிற ஆர்டருக்கு ஒரு லைனே போதும்மா. பாதிப் பேரை நிறுத்துறோம்.”

“அப்போ ரெண்டாவது லைன் சூப்பர்வைசர், சார்?”

“லைனே இல்லாம சூப்பர்வைசர் எதுக்கு? உன் மெஷினை யாரும் தொடமாட்டாங்க. அன்னிக்குக் காட்டின வேகம் குறையாம பாத்துக்கோ.”

அவள் வெளியே வந்தபோது நிறுத்தப்பட்டவர்கள் கத்தரிக்கோலையும் டிபன் டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரும் அவர்களில் ஒருத்தி.

பஸ்ஸில் நாத்தனார் வேண்டுமென்றே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் அவ்வளவு மரியாதை.

“நான் வேற எங்கயாவது போய் மெதுவா தைச்சுப் பொழைச்சுக்குவேன் அண்ணி. நீங்கதான் பாவம். முதுகு ஒடியிற வரைக்கும் இனிமே தினமும் அந்த ஸ்டாப்வாட்ச் நாளாவே இருக்கணும்.”