காடியில் கரையாத வெள்ளை

பெய்ரோனுக்கு என் மீது கொஞ்சம் பிரியம் உண்டு. அவள் செம்புப் பச்சையை அடைத்து விற்கும் ஆட்டுத்தோல் பைகளைத் தைத்துக் கொடுத்தவள் நான். அந்தப் பிரியத்தால்தான் மற்றவர்களிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொன்னாள்.

மோம்பெலியே நகரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் நிலவறையில் செம்புப் பச்சை விளைந்தது. அது பெண்களின் தொழில். பானைக்குள் செம்புத் தகடும் புளித்த திராட்சைச் சக்கையும் மாற்றி மாற்றி அடுக்கி மூடி வைப்போம். சில வாரத்தில் சக்கையிலிருந்து எழும் காடியின், அதாவது வினிகரின், ஆவி பட்டுத் தகட்டில் பச்சை பூத்துவிடும். சுரண்டி எடுத்துப் பிசைந்து தோல்பையில் அடைத்து வெயிலில் காயவைப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு அது கப்பலுக்கும் ஜன்னலுக்கும் வர்ணமாகும், துணிக்குச் சாயமாகும், ஆறாத புண்ணுக்குக் களிம்புமாகும். புதுத் தகடு சீக்கிரம் பூக்காது. பழகிய தகடுதான் பூக்கும். பெய்ரோனிடம் அவள் அம்மா காலத்தில் பழகிய நானூறு தகடுகள் இருந்தன.

அவளிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி காஸ்தானியே. ஒரு வருஷம் மார்செய் துறைமுகத்திலிருந்து அவன் சரக்கு திரும்பி வந்தது. வர்ணம் உரிந்து விழுகிறது, பைக்குள் பாதி சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாந்துப் பொடி என்று புகார். பை பெய்ரோனுடையது என்று காஸ்தானியே பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். பைக்குள் சாந்து இருந்தது உண்மை. கலந்தது யார் என்று அவளால் எப்படி நிரூபிக்க முடியும்? அந்தப் பையையே கழுத்தில் கட்டி அவளைச் சந்தையில் ஒரு பகல் முழுக்க நிறுத்தினார்கள். தகடுகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். எடுத்தவன் காஸ்தானியே.

முதலில் அவளுக்கு அவனைக் கொன்றுவிடத்தான் தோன்றியது. சூப்பில் ஒரு பிடி பச்சையைக் கலந்தால் போதும் என்று என்னிடமே கணக்குப் போட்டாள். பிறகு தானே வேண்டாமென்றாள். "வாயில வச்சதுமே துப்பிருவான்டி. செம்புக் கசப்பு நாக்குக்குத் தெரியாதா? எனக்குத் தூக்குக் கயிறு, அவனுக்கு ரெண்டு நாள் வயித்துவலி. இது கட்டாது."

அடுத்த மாசம் அவள் காஸ்தானியேயின் நிலவறைக்கே கூலிக்குப் போனாள். அவன் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டான். அவள் தகட்டையே அவள் கையால் கூலிக்குச் சுரண்ட வைப்பது அவனுக்கு ஒரு வேடிக்கை. வாசலுக்கு வரும் விருந்தாளிகளிடம் அவளைக் காட்டிச் சிரிப்பான். தெருவே அவள் ஒடிந்துவிட்டாள் என்று பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருஷம் தலை நிமிராமல் சுரண்டினாள். பிசையும் அறைக்குள் அவனுடைய மேஸ்திரி எந்தக் கிழமை சாந்து மூட்டையை உருட்டிக்கொண்டு போகிறான், ஒரு பைக்கு எத்தனை கை போடுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சரக்குச் சோதிப்பவர் பையைக் கத்தியால் குத்தி ஈரம் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரு செப்டம்பர் காலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் நேரில் வாங்க வந்தார். எடை மண்டபத்தில் இருநூறு பைகள். இந்த முறை எல்லாமே காஸ்தானியேயின் சொந்த நிலவறைச் சரக்கு. இன்னொருத்தி மேல் பழி போட வழியில்லை. சோதிப்பவர் கத்தியால் குத்திப் பார்த்து முடித்து முத்திரை வைக்கப்போன நேரத்தில், சுமை தூக்கி வந்திருந்த பெய்ரோன் வாங்க வந்தவர் முன்னால் போய் நின்றாள். ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு காடிப் புட்டி, இரண்டு கண்ணாடிக் குவளை, ஒரு பொட்டலம்.

"ஐயா, இந்தப் பொட்டலத்துல இருக்கிறது நான் தகட்டுல இருந்து அப்படியே சுரண்டினது. நல்ல பச்சை காடியில முழுசாக் கரையும். பைக்குள்ள இருக்கிறதையும் கரைச்சுப் பாருங்க."

காஸ்தானியே சிரித்தான். "இவளுக்குப் புத்தி பிசகி மூணு வருஷமாச்சு. போடி, போய்ச் சக்கையை அள்ளு."

"அள்றேன் முதலாளி. குவளை தெளியட்டும்."

பெய்ரோன் இரண்டு குவளையிலும் காடியை ஊற்றி, ஒன்றில் பொட்டலத்தைக் கொட்டினாள். வாங்க வந்தவர் தாமே கத்தியால் கிளறி ஒரு பையிலிருந்து எடுத்து மற்றதில் போட்டார். ஒரு குவளை நீலப்பச்சையாகத் தெளிந்து நின்றது. இன்னொன்றின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளை படிந்தது. அவர் பத்துப் பைகளைத் திறந்தார். பத்திலும் அதே கதை. மேஸ்திரி அங்கேயே அழுதுகொண்டு பழைய மார்செய் விஷயத்தையும் சேர்த்துக் கக்கிவிட்டான்.

காஸ்தானியேயையும் கழுத்தில் பையோடு சந்தையில் நிறுத்தினார்கள். பெய்ரோன் வீட்டிலிருந்து முக்காலி எடுத்து வந்து அவனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். ரொட்டியும் ஆலிவும் வைத்து மெதுவாகச் சாப்பிட்டாள். உச்சி வெயிலில் அவன் தண்ணீர் கேட்டான். அவள் காலடியில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

"எனக்கு அன்னைக்கு யாரு குடுத்தா முதலாளி?" என்றாள். பிறகு குடத்தைச் சாய்த்துத் தன் பாதங்களைக் கழுவிக்கொண்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான்தான் போய் அவனுக்கு ஒரு வாய் கொடுத்தேன். அதற்காகப் பெய்ரோன் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

பாதித் தகடுகள்தான் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. அவனுடைய நிலவறையை மூடியதில் பதினோரு பெண்களுக்குக் கூலி போயிற்று. அவர்களில் மார்த்தோன் என்பவள் பெய்ரோன் வீட்டு வாசலில் வந்து, "உன் வஞ்சத்துக்கு எங்க அடுப்பையாடி அணைச்ச?" என்று கேட்டாள். பெய்ரோன் இருவரைத் தன் நிலவறைக்கு எடுத்துக்கொண்டாள். மார்த்தோனை எடுக்கவில்லை.

காஸ்தானியே பெஸியே ஊரில் இருந்த மகளிடம் போய்விட்டான். ஒன்பது வருஷம் கழித்து அவன் செத்த செய்தி வந்தபோது நாங்கள் இருவரும் மீன்காரியிடம் மத்தி பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"கஷ்டப்பட்டானா?" என்று கேட்டாள்.

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டானாம் என்றேன்.

ஏமாந்தவள் போல உச்சுக் கொட்டினாள். கையில் இருந்த மீனைக் கூடைக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் வீட்டுக்கு நடந்தாள்.