இடப்பக்கம் சாய்ந்த வண்டி

அறுபதுகளில் பம்பாயில் என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பாந்திராவில் உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றித் தாராவித் தோல் பட்டறைகளுக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். நான் வண்டி ஓட்டுவேன், கிடங்குக்குள் போய்த் தோலைப் பொறுக்குவேன். ஏற்றுவதும் தார்ப்பாய் கட்டுவதும் அவன்; தாராவியில் இறக்குவது பட்டறை ஆட்கள்.

ஒருநாள் அவன் பின்தட்டில் நிற்பதைப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டேன். அவன் விழுந்தான். வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, சரியாகிவிட்டது என்று வந்து நின்றான். ஆனால் ஈரத் தோலை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க அவனால் முடியவில்லை. அதனால் வண்டியைத் தாழ்த்தினேன். பின்சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்குவது வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு; பம்பாயில் அதைக் கமான் என்பார்கள். வடாலாவில் பட்டறை வைத்திருந்த சர்தார்ஜி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையை எடுத்துவிட்டு, மீதியின் வளைவைத் தட்டிக் குறைத்தார். தட்டு மச்சினனின் இடுப்பு மட்டத்துக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் செய்த வேலை அது. விழுந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாலு மாதத்தில் வண்டி இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. முதலில் டயரில் காற்றைப் பார்த்தேன். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை குச்சி வைத்து அளந்தேன். இடது பக்கம் மூன்று விரல் குறைந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காலம். நேரே பட்டறைக்குப் போய், பழைய இரும்பை வைத்து ஏமாற்றிவிட்டீர் என்று கத்தினேன். சர்தார்ஜி பட்டையைக் கழற்றி, காய்ச்சி, வளைத்து மாட்டிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் மறுபடி சாய்ந்தது. மறுபடி கத்தினேன்.

இந்த முறை அவர் இடது கமானை வலப்பக்கமும், வலதை இடப்பக்கமும் மாற்றி மாட்டினார். கோளாறு பட்டையில் என்றால் வண்டி இனி வலப்பக்கமே சாய வேண்டும். சில நாள் அப்படித்தான் சாய்ந்தது. பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்து, பழையபடி இடப்பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. "கமான் டீக் ஹை. வஜன் தேக்கோ," என்றார் சர்தார்ஜி. பட்டை சரியாக இருக்கிறது, பாரத்தைப் பார் என்று அர்த்தம். டயர் மட்கார்டில் உரச ஆரம்பித்துவிட்டது, பார்த்துச் சரி செய்யாவிட்டால் எடுத்த பட்டைகளைத் திரும்பப் போட்டு உயர்த்த வேண்டியதுதான் என்றும் சொன்னார். உயர்த்தினால் மச்சினனுக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தோள் சரியில்லாத ஆளைப் பம்பாயில் யார் வேலைக்கு வைப்பார்கள்?

மறுநாள் பாந்திராவில் தோல் பொறுக்கப் போனவன் பாதியில் திரும்பி வந்து, கிடங்கு வாசலில் நின்று பார்த்தேன். மச்சினன் வண்டியின் இடப்பக்கம் நின்றுகொண்டு இடது கையால் தோலை இழுத்தான். வயிற்றை முட்டுக் கொடுத்துத் தட்டின் விளிம்பில் ஏற்றினான். அங்கேயே விட்டான். முன்பெல்லாம் இரண்டு கையாலும் வீசி அந்தக் கோடிக்கு எறிவான். இப்போது வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் தோல் மலையாகக் குவிந்திருந்தது, வலப்பக்கம் வெறும் பலகை. இத்தனை மாதமும் அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறான்.

சர்தார்ஜியிடம் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து முதலில் எரிச்சல்தான் வந்தது. கிட்டே போனபோது அவன் முகத்தில் வேர்வையைப் பார்த்தேன். எரிச்சல் போய் வெட்கமாக இருந்தது.

"கை வரலன்னு ஏம்ல எங்கிட்ட சொல்லல?"

அவன் தோலை விடவில்லை. "சொன்னா நீங்க அன்னைக்கி நடந்ததையே நெனச்சிக்கிட்டு கெடப்பீய மச்சான். அக்காவும் உங்கள ஏசுவா."

நான் தட்டில் ஏறினேன். அவன் விளிம்பில் ஏற்றிய தோலை நான் வாங்கி வலப்பக்கம் இழுத்துப் போட்டேன். நாலைந்து தோல் போயிருக்கும். அடுத்ததை வாங்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷமாக வராத வார்த்தை, அன்று தட்டில் நின்றவன் கீழேயும் நான் தட்டிலுமாக இடம் மாறியதாலோ என்னவோ, வந்தது.

"தப்பு என் மேலதான் மாப்ளே. நான் பாக்காம எடுத்துட்டேன்."

"தெரியும்," என்றான். "தோலப் புடிங்க."