பூனாகலைப் பாதையில் ஒரு பயாஸ்கோப் சவாரி

பூனாகலைப் பாதையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் படம் காட்ட அதை நடத்தும் துரை சம்மதித்துவிட்டார். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் வெளிச்சுவரில் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டிக்கொள்ளலாம்; ஆனால் மறுநாள் விடிகாலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கொடுக்க ஒரு ஆள்கூடக் குறையக் கூடாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நேற்று பண்டாரவளைச் சந்தையில் என்னைக் கண்டு இந்தத் தகவலைச் சொன்னார். துரை சொல்லும்போது தானும் பக்கத்தில் நின்றதாக உறுதிப்படுத்தினார்.

இந்தச் சம்மதத்துக்காகக் காத்திருந்தவர்களில் முதல் ஆள் செல்லாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண். மலாயாவுக்குப் போய்விட்ட தன் மகளை அந்தப் படத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரைச் சந்திப்பேன் என்று நினைத்து நான் கிளம்பவில்லை. பதுளையிலிருந்து விடுகிற ‘பயாஸ்கோப் கார்’ சவாரி போய்ப் பார்க்கத் தகுந்ததா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் சென்ற வாரம் ரயில் ஏறினேன்.

கொழும்பில் இரவு ஏறினால் காலையில் பதுளையில் இறங்கிவிடலாம். அப்புத்தளையோடு தண்டவாளம் முடிந்துவிட்ட காலத்தில் நான் முதன்முதலாக இங்கே வந்தேன். அங்கிருந்து குதிரை வண்டி. மேட்டில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். குதிரை மாற்றும் இடத்தில் சுடச்சுடக் கோப்பி கிடைக்கும். அந்தப் பயணத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள்கூட இன்னும் நினைவில் இருக்கின்றன. இந்த முறை என் எதிரே இருந்தவர் முழுவழியும் தூங்கினார். நானும் பாதிவழி தூங்கினேன். வேகமாக வந்து சேர்வதில் இப்படி ஒரு நஷ்டம்.

பயாஸ்கோப் காரை நடத்துகிறவர் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நடராச பிள்ளை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்தப் பக்கத்து மலைகளில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு பிள்ளை அதைப் பதுளைக்கு வரவழைத்து, கூடாரம் போட்டு ஒரு வாரம் காட்டினார். கூட்டத்தைப் பார்த்ததும், படம் பிடித்த இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆளுக்கு மூன்று ரூபாய். காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் கார் நிற்கும்.

சாரதி பிச்சைமுத்து முப்பது வயதுக்காரர். படக் கம்பெனிக்குக் கார் ஓட்டியதும் அவர்தான் என்பதால் வழிகாட்டியும் அவரே. பண்டாரவளை வரை இருபது மைலுக்குச் சற்றுக் குறைவு. வழியில் ஒரு வளைவில் காரை நிறுத்தினார்.

“இங்கதாங்க கதாநாயகத் தொர குதிரையில இருந்து விழுந்தாரு.”

“அடி பட்டதா?”

“அவருக்கு இல்லீங்க. அவருக்குப் பதிலா விழுந்தவருக்கு.”

அடுத்தது, கதாநாயகி சாய்ந்து அழுத மரம். நான் கொழும்பில் படம் பார்த்தபோது அந்த மரம் இதைவிடப் பருத்திருந்ததாக ஞாபகம். கேட்டேன்.

“அத வெறகுக்கு வெட்டிட்டாங்க. இது அதோட தம்பி,” என்றார் பிச்சைமுத்து.

இந்த இடம் வரைக்கும் என் தீர்ப்பு, மூன்று ரூபாய் அதிகம் என்பதுதான். ஒரு வளைவும் ஒரு மரமும் எந்த மலைப்பாதையிலும் உண்டு. திரையில் பார்த்தபோது இருந்த ஏதோ ஒன்று நேரில் இல்லை. பனிமூட்டம் விலகி, கீழே பள்ளத்தாக்கு தெரிந்தபோது மட்டும் காரிலிருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

பண்டாரவளையில் தேநீர் குடித்துவிட்டு, பூனாகலைப் பாதையில் இன்னும் ஏழு மைல் போனால் அந்தத் தோட்டம். படத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி இங்கேதான் பிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பெண்கள் மலைச்சரிவில் கூடைகளோடு தலைதெறிக்க ஓடி வருவார்கள். கொழும்பில் அந்த இடத்தில் கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. சரிவைக் கைகாட்டி, “தொர குதிரையில வர்றாருன்னு எல்லாரும் பாக்க ஓடி வர்றாங்க. என்னா நடிப்பு!” என்றார் பிச்சைமுத்து.

மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

“நடிப்பாமுல்ல! ஏண்டா பிச்சமுத்து, தப்ப அடிக்கச் சொன்னது யாருன்னு அந்த ஐயாவுக்குச் சொல்லலியா?” என்றார் ஒருவர்.

“சும்மா இருங்கக்கா. காசு குடுத்து வந்தவங்க நிக்கிறாங்க.”

“அப்ப காசுக்கு உள்ளதச் சொல்லு.”

பிச்சைமுத்து தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். கூட்டத்தை ஒரே நேரத்தில் கீழே இறக்கவேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார். விடிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு என்கிற பறையை அடிப்பார்கள் என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியும். தப்படிக்கிறவரிடம் போய், “அடி அண்ணே, நல்லா வேகமா அடி” என்றிருக்கிறார். நடுப்பகலில் எவன் பெரட்டுக்கு அடிப்பான்? வேகமாக அடி என்றால் அந்த ஆளுக்குத் தெரிந்தது ஒரே அடிதான். அது சாவுக்கு அடிக்கிற அடி.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அத்தனை பேரும் ஓடி வந்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்குச் சத்தம் கிடையாது. தப்புச் சத்தம் கேட்காத ஊர்களில் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினோம்.

கேள்வி கேட்டவர்தான் செல்லாயி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கி நான் காச்சலா லயத்துல படுத்துக் கெடந்தேங்க. எம்மக பொன்னி மேமலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா. தப்புச் சத்தம் கேட்டதும் ஆத்தா போயிட்டான்னு நெனச்சுக்கிட்டா. வந்து கதவத் தள்ளிப் பாத்துட்டு, நீ சாகலியான்னு என்னைய அடிச்சா பாருங்க!”

பக்கத்திலிருந்த பெண் மறுபடியும் சிரித்தார். செல்லாயியும் சிரித்தார். அதற்கடுத்த மாதம் பொன்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை, கப்பலேறிப் போய்விட்டாள். பதுளையில் படம் ஓடிய வாரத்தில் கொழுந்து அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. போக முடிந்த சிலர் வந்து, உன் மகள் படத்தில் ஓடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்காக ஓடுனா. ஊரே பாத்துருச்சு, நான் மட்டும் பாக்கல,” என்றார். பிறகு, “நீங்க பாத்தீங்களாய்யா? எப்பிடி ஓடுனா?” என்று கேட்டார்.

எனக்குப் பொன்னியைத் தெரியாது. அதையே சொன்னேன். நினைவில் நின்ற ஒருத்தியைப் பற்றி மட்டும் சொன்னேன். எல்லாரும் கூடையைப் பிடித்துக்கொண்டு ஓட, அவள் மட்டும் தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையை அப்படியே விட்டுவிட்டாள். அது உருண்டது, கொழுந்து சரிவெல்லாம் சிதறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லாயி குடத்தை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“அவதாங்க. அன்னிக்கிக் கொழுந்து நிறுக்கையில கூடை இல்லாம நின்னது அவ ஒருத்திதான். கங்காணி அரைப்பேருதான் போட்டாரு.” பாதிச் சம்பளத்துக்குத்தான் அங்கே அரைப்பேர் என்று பெயர். “கூடைய எங்கடி போட்டேன்னு நானும் ஏசுனேன். வழியில விழுந்துருச்சுன்னு சொன்னா.”

திரும்பும் வழியில் பிச்சைமுத்து எந்த இடத்தையும் காட்டவில்லை. பதுளைக்கு வந்து சேர்ந்ததும், படத்தைத் தோட்டத்திலேயே காட்டினால் என்ன என்று நடராச பிள்ளையிடம் அவர்தான் பேச்சை எடுத்தார். பிள்ளை சம்மதித்தார். துரையிடம் கேட்கும் பொறுப்பைக் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொண்டார்.

கேட்ட வாசகர்களுக்கு என் பதில் இது. வளைவையும் மரத்தையும் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்கள் வாயால் கேட்பதற்கு மூன்று ரூபாய் குறைவு. போகிறவர்கள் காலைக் காரிலேயே போங்கள். பிற்பகலில் பனி இறங்கினால் சரிவு தெரியாது. கம்பளி வேண்டும். சாரதியிடம் சொல்லி, பீலிப் பக்கம் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். லயத்துக் கதவுகளுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். அவை குடியிருக்கும் வீடுகள்.

ஒன்று இன்னும் தெளிவாகவில்லை. பதுளைக்குப் பிறகு படம் கண்டிக்குப் போனது; அங்கே காட்டியபோது படச்சுருள் இரண்டு மூன்று இடங்களில் அறுந்து, கெட்டுப்போன துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியது எந்தக் காட்சியிலிருந்து என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. படப்பெட்டி சனிக்கிழமைக் காலை ரயிலில் பதுளைக்கு வருகிறது. பிச்சைமுத்து அதைக் கடை வாசலில் வைத்தே பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்போகிறார். கூடை உருளும் இடம் மிஞ்சியிருக்கிறதா என்று அன்று பகலுக்குள் தெரிந்துவிடும்.