காப்பி என்று சொன்னது நான்தான்

எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்து, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பதினான்கு வருஷம் அதையே பாடமாக நடத்திவிட்டு இதைச் சொல்கிறேன். சொல்லும்போதே உடம்பு கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம். எழுதத் தெரியாது, ஒப்பிக்கத் தெரியும்.

நான் படித்த காலத்தில் லேப் பரீட்சை என்றால் பன்னிரண்டு புரோகிராம். சீட்டு எடுப்போம். எது வருகிறதோ அதைப் பேப்பரில் எழுதி, மெஷினில் அடித்து, அவுட்புட் காட்ட வேண்டும். பன்னிரண்டையும் நெட்டுரு போட்டால் தீர்ந்தது கதை. ரெக்கார்டு நோட்டையும் யாரும் ஓட்டிப் பார்த்து எழுதியதில்லை. பிரவுன் அட்டை போட்டு, மார்ஜின் கோடு கிழித்து, சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதுவோம். அந்த அக்கா அவளுடைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பாள். மார்க் லிஸ்ட் புரோகிராமின் அவுட்புட்டில் யாரோ ஓர் அண்ணனின் பெயரும் அவர் வாங்கிய மார்க்கும் இருக்கும். அவர் யார், எந்த ஊர் என்று எங்கள் செட்டில் ஒருத்திக்கும் தெரியாது. எங்கள் எல்லாருடைய நோட்டிலும் அவர் கணக்கில் ஃபெயில், பாவம். நான் ரேங்க் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு என் பிள்ளைகளின் நோட்டிலும் அதே அண்ணன் ஃபெயில் ஆனார். நானும் சளைக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பில் எனக்கு நல்ல பெயர்தான். சத்தமாகப் பேசுவேன், போர்டில் முத்து முத்தாக எழுதுவேன், சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவேன். அந்த மூன்றாவதுதான் என் பாதுகாப்பு. அதனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மூன்றாம் ஆண்டு லேப் பரீட்சை. வேறு கல்லூரியிலிருந்து ஒரு சார் வெளித் தேர்வாளராக வந்திருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம், அவளுக்கு க்யூ புரோகிராம் வந்தது. க்யூ என்றால் வரிசை. முதலில் வந்தவர் முதலில் போவார். ரேஷன் கடை வரிசை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவள் எழுதியது ரெக்கார்டில் இருக்கிற புரோகிராம் இல்லை. திரையில் தமிழில் ஊர்க்காரர்களின் பெயர்கள் ஓடின. பக்கத்திலேயே டோக்கன் நம்பர், ஈரப்பதம். ஒருவர் பெயர் வரிசையிலிருந்து விலகி ஓரமாகப் போய் நின்றது. பின்னால் இருந்தவர் முன்னே வந்தார். கொஞ்ச நேரத்தில் விலகிப் போனவர் திரும்பி வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

"என்னம்மா இது?"

"கொள்முதல் நிலையம் மேடம். நெல்லு ஈரமா இருந்தா எடுக்க மாட்டாங்க. காயப்போட அனுப்பிருவாங்க. ஆனா அவர் முறை போயிரக் கூடாதுல்ல மேடம், காஞ்சதும் அவரைத்தான் முதல்ல எடுக்கணும். அதுக்குத் தனியா ஒரு லிஸ்ட் வச்சிருக்கேன்."

"முதல்ல வந்தவர் முதல்ல போறதுதான க்யூ? இது க்யூவே இல்லையே."

"அந்த க்யூவும் உள்ள இருக்கு மேடம். இந்த வரியில பாருங்க."

பார்த்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை. அந்த வரிக்கு மேலே என்ன நடக்கிறது, கீழே ஏன் அப்படிப் போகிறது, எதுவும் மண்டையில் ஏறவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"கொள்முதல் நிலையத்துலதான் மேடம்."

லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குறுவை நெல்லைக் கொட்டிவிட்டுக் குவியலுக்குக் காவலாக நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாளாம். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு போனில் வீடியோ பார்த்து, போனிலேயே அடித்து அடித்துப் பழகினாளாம்.

வெளித் தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "நல்லா ஓடுதே மேடம், எப்படி, போட்டுரலாமா?" என்றார். நல்ல மனுஷன். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் அடுத்து, இந்த வரி என்ன செய்கிறது என்று என்னிடம் கேட்டுவிட்டால்? பிள்ளைகள் முன்னால் திருதிருவென்று முழிக்கவா?

"நெட்லேர்ந்து காப்பி அடிச்சிருக்கு சார்," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல மேடம், நானா எழுதினது," என்றாள். "எதிர்த்துப் பேசாத, வெளியே போ," என்றேன். சார் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மதியம் அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தோம். நானும் சாப்பிட்டேன்.

ரிசல்ட்டில் அவளுக்கு அந்த ஒரு பேப்பர் மட்டும் அரியர். தை மாசம் ஒரு கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதாக இருந்தது. அரியர் இருந்தால் உட்கார விடமாட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு அப்படி ஒரு கம்பெனி வருவதே அபூர்வம்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து கையைக் கும்பிட்டார்.

"டீச்சர், காப்பி அடிச்சது தப்புதாங்க. நான் வீட்டுல நல்லாத் திட்டிட்டேன். பொழுதுக்கும் போனும் கையுமா இருந்தா இப்படித்தாங்க ஆகும். அந்தப் போனையும் பிடுங்கி வச்சிட்டேன். இந்த ஒருதடவை மன்னிச்சு, இன்டர்வியூவுக்கு மட்டும் உட்கார வச்சிருங்க." பிறகு மகளிடம் திரும்பி, "டீச்சர்கிட்ட மன்னிப்பு கேளு," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சாரி மேடம்," என்றாள்.

"பரவாயில்ல," என்றேன் நான். அடிப்பாவி, பரவாயில்லை என்றேன்! என் கையில் ஒன்றும் இல்லை, ரூல்ஸ் அப்படி என்று ஏதேதோ உளறி அனுப்பிவைத்தேன். நினைத்திருந்தால் அன்றைக்கே பிரின்சிபாலிடம் போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். வேலை போய்விடும் என்றுகூட நான் பயப்படவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஸ்டாஃப் ரூமுக்குத் தெரிந்துவிடுமே, அதற்குத்தான் பயந்தேன். இன்டர்வியூ அன்று அவள் கல்லூரிக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு என்னால் வகுப்பில் க்யூ நடத்த முடியவில்லை. பீரோவிலிருந்து அவளுடைய விடைத்தாளை எடுத்து ஜெராக்ஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் பார்த்த மாதிரி நானும் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். என் மாணவன் வயசில் ஒருவன் படபடவென்று பேசுவான், நான் நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அவளுடைய வரிகளை ஒவ்வொன்றாக அடித்து, ஒன்றை எடுத்தால் என்ன ஆகிறது, மாற்றினால் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் அடித்ததில் தப்பு வந்தது. அதைத் தேடி நானே திருத்தினேன். பங்குனி பிறந்த பிறகுதான் அவளுடைய புரோகிராம் முழுதாகப் புரிந்தது. அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். அடுப்படியில் நின்று அழுதேன்.

சித்திரையில் அரியர் பரீட்சை. சொல்லிவைத்த மாதிரி அவளுக்கு மறுபடியும் க்யூ. இந்தத் தடவை ரெக்கார்டில் உள்ளதை ஒரு புள்ளி மாறாமல் எழுதினாள். க்யூ என்றால் என்ன என்று கேட்டதற்கு, நான் போர்டில் எழுதிப்போட்ட இரண்டு வரியை அப்படியே ஒப்பித்தாள். முழு மார்க் போட்டேன்.

பரீட்சை முடிந்து அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன்.

"அன்னைக்கு உன் புரோகிராம் சரியாத்தான் இருந்துச்சும்மா. எனக்குத்தான் புரியல. காப்பின்னு நான் சொன்னது பொய்."

"தெரியும் மேடம்."

குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு அடி போனவள் நின்றாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது மேடம். எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. அவர் இன்னும் நான் காப்பி அடிச்சேன்னுதான் நினைச்சிட்டிருக்கார். போனை இன்னும் தரல."

சொல்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ரிஜிஸ்டரில் அவர் நம்பர் இருந்தது. ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து மூடினேன். ரிசல்ட் வந்த அன்றைக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

எடுத்ததுமே, "டீச்சருங்களா? சொல்லுங்க, மறுபடி ஏதும் தப்பு பண்ணிட்டாளா?" என்று பதறினார்.

"இல்லங்க," என்றேன். அடுத்த வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. "வந்துங்க, உங்க பொண்ணு பாஸ் பண்ணிட்டா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"ரொம்ப சந்தோஷங்க. நீங்க அன்னைக்குக் கண்டிச்சதாலதான் ஒழுங்காப் படிச்சிருக்கா. எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்."

"சரிங்க," என்று வைத்துவிட்டேன்.