சிலந்திக்குப் போட்ட பட்டு மெத்தை

ஆரணியில் பட்டு நெய்கிறவன் நான். ஆசைப்பட்டு ஒரு டாரன்டுலா வளர்க்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி. அதன் கண்ணாடித் தொட்டியில் எதைப் பரப்புவது என்று யோசித்தபோது, தறியடியில் குவிந்திருந்த கழிவுப் பட்டு நூல்தான் கண்ணில் பட்டது. இதைவிட மெத்தென்று வேறு எது இருக்கப்போகிறது?

இரண்டு நாள் அது கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. புது இடம், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை என் மனைவி தேவகி கத்தினாள்.

"ஏங்க, ஜல்தி வாங்க! கால்ல நூலு சுத்திகினு துடிக்குது!"

கால் நகங்களில் இழை சிக்கி, அது இழுக்க இழுக்க இறுகியிருந்தது. நான் தொட்டியை மெல்லத் தரையில் இறக்கி வைத்தேன். அந்தத் தொட்டிப் பக்கமே வராத தேவகி சின்னக் கத்தரியோடு உட்கார்ந்தாள். தறியில் அறுந்த பாவு இழைகளைப் பிணைக்கும் அதே நிதானத்தோடு ஒவ்வொன்றாக நறுக்கினாள். ஏழு கால்கள் தப்பின. ஒன்று கழன்று விழுந்தது.

"அதுவே நூல் விடுற ஜீவன். அதுக்கு நம்ம நூல் எதுக்குங்க? மண்ணு மாதிரி எதனா போடுங்க."

அன்றே நூலை எல்லாம் வாரி எறிந்தேன். சந்தவாசல் வரை போய், நாற்றுப் பண்ணையில் உரம் கலக்காத தென்னை நார்த்தூள் வாங்கி வந்தேன். பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் பிசைந்து, பாதித் தொட்டிக்கு அழுத்தி நிரப்பினேன். அந்தப் பதம் சரியாக வரும்வரை விடுவதில்லை என்றிருந்தேன்.

நார்த்தூள் போட்ட நான்காம் நாள் அது ஏழு காலோடு வளை தோண்டியது. மறுநாள் வளையின் வாயில் ஒரு வெள்ளைத் திரை. அதில் என் தறியின் இழை ஒன்றுகூட இல்லை. அதற்காக இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததேயில்லை.