மூன்று நிமிட மனு

விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் என் ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை தப்பாமல் மனு அடித்துக் கொடுப்பேன். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிர் எனக்கு அப்போது உண்டு.

ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த எங்கள் நிலம் விமான நிலையத்துக்குப் போனது. அந்த நிலத்தின் மூலையில்தான் அம்மாவைப் புதைத்திருந்தோம். சின்னச் சின்ன ஊர்களில் விமான நிலையம் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி வந்தது. கிணற்றைத் தூர்த்து, பனைமரங்களைச் சாய்த்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கி வேலி போட்டுவிட்டார்கள். அப்பாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை, அம்மாவின் திதியன்று, உள்ளே போய் அந்த இடத்தில் கொஞ்சம் பால் ஊற்ற வேண்டும்.

விமான நிலைய கேட்டில் கேட்டால் மேலிடத்தைக் கேளுங்கள் என்றார்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கடைக்கு வரும் ஆடிட்டர் ஒருவர்தான் வழி சொன்னார். அந்தக் கம்பெனியின் பங்கு சந்தையில் கிடைக்கிறது, ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம், அதையும் கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்றார். அப்பா பேரில் ஒரு பங்கு வாங்கினேன்.

"அப்போ நானும் ஒரு மொதலாளிதான்" என்று அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆளுக்கு மூன்று நிமிடம், தமிழிலும் பேசலாம். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு வாரம் படித்துப் பழகினார்.

கூட்டத்தன்று கடையில் லேப்டாப் முன் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தார். அனுப்புநர், தகப்பனார் பெயர், கிராமம், வட்டம், மாவட்டம். பெறுநர், உயர்திரு தலைவர் அவர்கள். பொருள், நிலம் தொடர்பாக. பிறகு சர்வே எண்கள், உட்பிரிவுகள், நான்கு எல்லைகள். ஒன்றையும் விடாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "மேற்படி நிலத்தில் என் மனைவியை" என்று வந்தபோது நேரம் முடிந்து மைக்கை அணைத்துவிட்டார்கள். தலைவர் ஆங்கிலத்தில், உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்பா கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொன்னாரு? சரின்னுட்டாரா?"

தப்பு என்னுடையது. ஒரே வரியில் கேட்டிருக்க வேண்டியதை ஊர்ப்பட்ட சம்பிரதாயத்துக்கு அடியில் புதைத்தவள் நான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சரின்னுட்டாருப்பா."

திதியன்று சொம்பில் பாலும், அம்மாவுக்குப் பிடித்த கேப்பை அடையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திண்டிவனம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கூடப் போனேன். யாராவது இரக்கப்பட்டு உள்ளே விட்டுவிட மாட்டார்களா என்ற நப்பாசையும் இருந்தது.

"லெட்டர் இருக்கா பெரியவரே?" என்றார் கேட்டிலிருந்த செக்யூரிட்டி.

"லெட்டர் எதுக்குப்பா? தலைவரே சரின்னு சொல்லிட்டாரு. எம்பொண்ணு பக்கத்துல இருந்து கேட்டுக்கினு இருந்துச்சு."

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு மேல் அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேலி ஓரமாகவே நடந்து போய் ஓரிடத்தில் நின்று கை நீட்டினார்.

"தோ, அங்கதாம்மா. பாத்து வச்சுக்கோ."

நான் ம் என்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பாலை வேலிக்கு இந்தப் பக்கமே ஊற்றினார்.

திரும்பும்போது ஆட்டோவில், "அடுத்த வருசம் அட்ரஸெல்லாம் வாணாம்மா. எடுத்ததுமே உங்கம்மாவச் சொல்லிடலாம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

அடுத்த கூட்டத்துக்கு அப்பா இல்லை. அவருடைய ஒற்றைப் பங்கு நாமினி என்ற முறையில் எனக்கு வந்தது. நான் பேசினேன். எடுத்ததுமே அம்மாவைச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்தே நாளில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. இவ்வளவு சுளுவாகக் கிடைக்கக்கூடியது என்று தெரிந்தபோது எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

திதியன்று அதிகாரி ஒருவர் மரியாதையாகவே உள்ளே அழைத்துப் போனார். கண்ணுக்கு எட்டிய வரை வெட்டி விட்ட புல். கிணறு இல்லை, பனை இல்லை, வரப்பு இல்லை.

"எந்த இடம்மா?" என்று கேட்டார்.

பால் சொம்போடு நின்றேன். அப்பா கை நீட்டிய அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது என் செருப்பைத்தான்.